டைமரில் பூசிய பவுடர்

என் மருமகன் அந்த விளக்கை ஒருநாளும் அணைத்ததில்லை. இதைக் கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் மேல் நான் சுமத்திய எந்தக் குற்றத்தையும் அவர் செய்யவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் புத்தகம் திறக்காமல் எடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு பந்து பாசியை முன்னிட்டு மகளையும் மருமகனையும் வீட்டை விட்டு அனுப்பினேன்.

என் மனைவி இறந்த மறு வருடம் மகளுக்குத் திருமணம் நடந்தது. மருமகன் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். நிலக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தார். அப்பாவைத் திண்டுக்கல்லில் தனியாக விட மாட்டேன் என்று மகள் சொன்னதும், அவர் மறுபேச்சு பேசாமல் என் வீட்டுக்கே குடிவந்தார். எனக்கு முதல் சந்தேகம் அதில்தான் தொடங்கியது. எந்த ஆண்பிள்ளை மறுபேச்சு இல்லாமல் மாமனார் வீட்டில் வந்து இருப்பான்? ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தேகம் மல்லிகைப்பூ. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் மல்லிகை மணந்தது. கையில் பூ இருக்காது. மகள் தலையிலும் இருக்காது. ஒரு வாரம் கவனித்தேன். பிறகு ஒரு வேலை உண்டாக்கிக்கொண்டு நானே நிலக்கோட்டைக்குப் போய், அவர் வருகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன். டிரைவருக்குப் பக்கத்திலும் பின்படிக்கட்டிலும் நிலக்கோட்டைச் சந்தையின் மல்லிகைப்பூ மூட்டைகள். வீட்டில் இறங்கியபோது என் சட்டையும் மணந்தது. "எங்கப்பா போயிட்டு வாரீங்க, கல்யாணத்துக்கா?" என்று மகள் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் இரண்டு பெட்டிகளோடும் ஒரு மீன்தொட்டியோடும் வந்தார். மூன்றடி நீளத் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கல், தொட்டால் சுருங்கும் கொஞ்சம் பவளப் பூ, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அதற்குக் கீழே மர அலமாரிக்குள் இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதைச் சம்ப் என்பார்கள். மேலிருக்கும் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கிச் சுத்தமாகி, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நின்று பழகிய ஊர் எங்களுடையது. நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒருவர் மீன் வளர்ப்பது தெருவுக்கே வேடிக்கையாக இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் சார், உங்க மாப்ள தண்ணியில உப்பப் போட்டுத்தான் மீன் வளக்குறாராமே? மொளகாத்தூளையும் போட்டுட்டா பாதி வேல முடிஞ்சுச்சே."

சில மாதத்தில் கண்ணாடியில் பழுப்பாக வழவழவென்று படிய ஆரம்பித்தது. மீனின் கழிவு தண்ணீரில் நைட்ரேட்டாகச் சேருகிறது என்று எனக்குத் தெரியும். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டிப் பார்ப்போம். மஞ்சளாக நின்றால் நல்லது. சிவக்கச் சிவக்க நைட்ரேட் அதிகம். எங்கள் குப்பி செம்பருத்திப் பூ மாதிரி இருந்தது. சம்பில் பெரிய வகைப் பாசி வளர்த்தால் அது நைட்ரேட்டைத் தின்று வளரும், வளர்ந்ததைக் கிள்ளி எறிந்தால் கழிவும் அதோடு வெளியே போய்விடும் என்று நான் யோசனை சொன்னேன். மருமகன் சந்தோஷப்பட்டார். "நல்லாருக்கு மாமா, இது எனக்குத் தோணல" என்றார். அந்த ஒரு வாரம் நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம்.

சென்னையில் மீன் வளர்க்கும் ஒருவரிடமிருந்து பார்சலில் பாசி வந்தது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிரித்துவிட்டது போன்ற ஒரு பந்து. மருமகன் அதைக் கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊர்ல இது வலையில சிக்குனா வஞ்சுக்கிட்டே எடுத்து எறிவாங்க மாமா. எங்கம்மா பாசி எடுக்கப் போற காலத்துல இதத் திரும்பிக்கூடப் பாக்காது. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, இதுகளுக்குத்தான் வெல."

அவர் அம்மா இளவயதில் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன பாசிகளின் லத்தீன் பெயர்கள் எனக்குத் தெரியும். ஆனால் நான் அவற்றைத் தாளில் ஒட்டிக் காயவைத்த நிலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உயிரோடு பார்த்தது மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போனபோது, முழங்கால் தண்ணீரில், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. அவர் அம்மா அதே பாசியைக் கையால் தடவியே இன்னது என்று சொல்லிவிடுவாராம். இதைக் கேட்டதும் எனக்கு மனதில் ஏதோ சுருக்கென்றது. பொறாமை என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்கு நான் வேறு பெயர்கள் வைத்தேன்.

விளக்கு வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் என்னிடம் படித்தவர்.

"எதுக்கு சார் லைட்டு? வாசலுக்கா, மாடிக்கா?"

"பாசி வளக்க."

"எங்க வீட்டுத் தண்ணித்தொட்டியில அது லைட்டே இல்லாம வளருது சார். வேணுங்கற மட்டும் வந்து அள்ளிக்கங்க."

மருமகன் ஒரு வெள்ளை பிளட் லைட்டைக் கையில் எடுத்தார். கடைகளின் முகப்பில் மாட்டுகிற சாதாரண எல்இடி. "இது போதும் மாமா. வெயில் மாதிரி வெள்ளையா இருக்கு. முன்னாடி கண்ணாடி அடச்சிருக்கறதால உப்புத்தண்ணி தெறிச்சாலும் உள்ள போகாது. பாசிக்கு எம்புட்டு வெளிச்சம் போய்ச் சேருதுங்கறதுதான் விசயம்."

நான் அங்கேயே வகுப்பை ஆரம்பித்தேன். இலைப்பச்சை சிவப்பையும் நீலத்தையும்தான் இழுத்துக்கொள்ளும், பச்சையைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளை வெளிச்சத்தில் பாதி வீண். சிவப்பும் நீலமும் கலந்த, செடி வளர்க்கிற இளஞ்சிவப்பு விளக்குத்தான் அறிவியல். கரும்பலகையில் சிவப்புச் சாக்குக்கட்டியாலும் நீலச் சாக்குக்கட்டியாலும் இரண்டு மலை வரைவேன், நடுவில் ஒரு பள்ளம். எத்தனை வருடம் வரைந்த படம்! கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நான் உங்க பேப்பர்ல அரியர் வச்சவன். இங்கயும் பாடம் எடுத்தீங்கன்னா கடையப் பூட்டிட்டு ஓடிருவேன்."

மருமகன் சிரிக்கவில்லை. "சரி மாமா, நீங்க சொல்ற மாதிரியே செய்வோம்" என்று விளக்கைத் திரும்ப வைத்தார். விட்டுக்கொடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் சரி என்கிறாரே, மனதில் என்ன வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மாடித் தோட்டத்துக்கு விற்கிற இளஞ்சிவப்பு விளக்கை ஆன்லைனில் வரவழைத்தேன். அதை இயக்க ஒரு டைமரும் நானே வாங்கினேன். வட்டமான பல்சக்கரம் ஒன்று மெல்லச் சுற்றும். எந்த மணியில் எரிய வேண்டுமோ அந்த இடத்துப் பற்களை அழுத்திவிட வேண்டும். மேல் தொட்டியின் விளக்கு பகலில் எரிவதால், கீழே பாசிக்குச் சாயங்காலம் ஏழு முதல் காலை ஏழு வரை என்று வைத்தேன். மருமகன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரண்ட் போனா இது நின்னுரும் மாமா. பேட்டரி உள்ளதா ஒண்ணு வாங்கிருவோமா? இல்ல இன்வெர்ட்டர்ல போட்டுருவோமா?" என்றார். இன்வெர்ட்டரில் மோட்டார் மட்டும் ஓடட்டும், விளக்கை ஏற்றி அதைக் கெடுக்க வேண்டாம் என்றேன். நான் வாங்கிய பொருளில் குறை கண்டுபிடிக்கிறார் என்பதுதான் என் காதில் விழுந்தது. கரண்ட் போனால் நின்றுவிடும் என்று அவர் சொன்ன விஷயம் விழவில்லை.

பாசி வளரவில்லை. தினமும் காலையில் அதை எடுத்து, தண்ணீர் வடியப் பிழிந்து, சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து டைரியில் எழுதினேன். முதல் வாரம் அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது வாரம் இன்னும் குறைந்தது. குப்பி சிவப்பாகவே இருந்தது.

"இந்த வெளிச்சத்துல பாசி உசுரோட இருக்கா, செத்துருச்சான்னே தெரியல மாமா. எல்லாம் கருப்பாத் தெரியுது" என்றார் மருமகன். இன்னொரு நாள், "தினமும் கசக்காம விட்டுப் பாப்போமா?" என்றார். மகளும் சேர்ந்துகொண்டாள். "அப்பா, அந்தத் தராசுல நான் மாவு அளக்கணும்ப்பா."

என் கரும்பலகைப் படம் தப்பாகாது, விளக்கு தப்பாகாது, அப்படியானால் விளக்கு சரியாக எரியவில்லை. இப்படித்தான் என் புத்தி போனது. விளக்கு எரியாவிட்டால் யாரோ அணைக்கிறார்கள். மகளுக்கு அந்த அலமாரிப் பக்கமே ஆகாது. மீதி ஒருவர்தான். அவர் தொட்டி, அவர் மீன், அவரே ஏன் கெடுப்பார் என்ற கேள்வி எனக்கு வராமலில்லை. அதற்கும் ஒரு பதில் தயாரித்தேன். படித்த மாமனாருக்குப் பாசியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று காட்ட வேண்டும். அதற்காக மீன் செத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஆள்.

என்னோடு வேதியியல் நடத்திய நண்பர் ஒருவர் தாடிக்கொம்பில் இருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாட்களில், சின்ன இன்வெர்ட்டர் மீன்தொட்டி மோட்டாருக்கே சரியாகிவிடுவதால், மின்விசிறி இல்லாத வீட்டில் உட்கார முடியாமல் டவுன் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே வேப்பமரத்துக் காற்று உண்டு. பேசிவிட்டு ஏழு மணி வாக்கில் திரும்புவேன். அவரிடம் சொன்னேன்.

"ஏலே, இம்புட்டுச் சந்தேகம் ஒனக்கு எங்கருந்துடா வருது?" என்றார் அவர். "பரிச்ச ஹால்லயும் நீ இப்படித்தான். பேனாவ ஒதறுனவனயெல்லாம் எந்திரிக்கச் சொல்லுவ. பேசாம டைமர் மேல மூஞ்சிப் பவுடர அடிச்சு வையி. கைரேகை விழும். போலீஸ் நாயும் ஒண்ணு வாங்கிக்க."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவை எடுத்தேன்.

சக்கரத்தின் மேல் மெல்லிசாகத் தூவி, வாயால் ஊதிப் பரப்பினேன். தினம் காலையில் ஐந்தரை மணிப் பூசைக்குப் போகும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பல நாள் பவுடர் அப்படியே இருக்கும். சில நாள் இரண்டு விரல் பதிந்த தடம் தெளிவாக இருக்கும். தடம் கண்ட நாட்களில் டைரியில் 'கைத்தடம்' என்று எழுதி மறுபடி பவுடர் தூவினேன். ஆடிக் காற்றில் கம்பி உரசி மாலை நேரங்களில் கரண்ட் அடிக்கடி போய் வந்த நாட்களில் தடம் கூடியது. அவருக்குத் துணிச்சல் கூடுகிறது என்று எழுதினேன். அந்த வரி இன்னும் டைரியில் இருக்கிறது. கிழித்து எறிய எனக்கு உரிமை இல்லை என்று வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அவர் கையைப் பார்ப்பேன். விரல் நுனியில் வெள்ளை இருக்கிறதா என்று. "என்ன மாமா?" என்பார். "ஒண்ணுமில்ல மாப்ள, வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்பேன். நான் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. உள்ளே இருந்த அழுக்குக்கு அதுவே நல்ல மூடியாக இருந்தது.

அடுத்த பராமரிப்பு நாளில் நண்பர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சீக்கிரம் கிளம்பி ஆறு மணிக்கே வீடு வந்தேன். கதவு திறந்திருந்தது. மருமகன் வேலைக்குப் போன சட்டையோடு அலமாரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டைமர் சக்கரத்தை இரண்டு விரலால் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, டைமர்ல என்ன வேல?"

"வாங்க மாமா. சரி பண்ணி வச்சேன்."

"சரியா இருக்கறத எதுக்குச் சரி பண்றீங்க?"

"இல்ல மாமா, இன்னிக்குக் கரண்டு..."

நான் முடிக்க விடவில்லை. உள்ளே போய் டைரியை எடுத்துவந்து, கைத்தடம் கண்ட நாட்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பவுடர் பூசியதையும் சொன்னேன், பெருமையாக. அவர் எழுந்து நின்றார். தன் விரல்களைப் பார்த்தார். பேண்ட்டில் துடைத்துக்கொள்ளப் போனவர் துடைக்காமல் நிறுத்தினார். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பவுடரா? அப்பா, என்னப்பா இது?"

"நீ செத்த நேரம் சும்மா இரு, பாப்பா" என்றேன். பிறகு அவரைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். "உங்கம்மா கடல்ல பாசி அள்ளுனாங்கங்கறதுக்காக, நீங்க பாசியப் பத்தி எனக்குப் பாடம் நடத்தலாம்னு ஆயிருமா மாப்ள?"

அவர் அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினார். முகம் கழுவப் போனார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி வீடு பார்த்துக் குடிபோனார்கள். அந்த மாடியில் மீன்தொட்டியின் கனத்தை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "மீன் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. தண்ணி குறையாமப் பாத்துக்கங்க" என்றார் மருமகன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை ஆணியில் மாட்டினாள். இனி விளக்கை யாரும் தொடமாட்டார்கள், பாசி வளரும் என்று நான் நினைத்தேன். அவர்கள் போகிற நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது.

அடுத்த பராமரிப்பு நாளில் வழக்கம்போலத் தாடிக்கொம்பு போய்வந்தேன். களைப்பில் அலமாரிப் பக்கம் போகவில்லை. மறுநாள் விடியற்காலை பூசைக்குக் கிளம்பும்போது அலமாரி இடுக்கில் இளஞ்சிவப்பு தெரிந்தது. திருப்தியோடு போனேன். திரும்பிவந்து இட்லி சாப்பிட்டு, பேப்பர் படித்து, பத்து மணிக்கு நிமிர்ந்தால் அந்த இளஞ்சிவப்பு இன்னும் இருந்தது. ஏழு மணிக்கு அணைந்திருக்க வேண்டிய விளக்கு. பன்னிரண்டுக்கும் எரிந்தது.

வீட்டில் நான் மட்டும்தான். முதலில் கதவுத் தாழ்ப்பாளைத்தான் போய்ப் பார்த்தேன். யாராவது வந்துபோனார்களா என்று. இப்படியும் ஒரு மனம். பிறகு அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தேன். பவுடர் கலையாமல் இருந்தது. சுவர்க் கடிகாரம் நண்பகல் பன்னிரண்டு. டைமர் சக்கரம் காட்டியது விடியற்காலை நான்கு. எட்டு மணி நேர வித்தியாசம். நேற்று ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை.

டைரியை எடுத்துவந்து புரட்டினேன். முதலாவது 'கைத்தடம்' இருந்த பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், என் கையெழுத்திலேயே, 'மின்தடை. தாடிக்கொம்பு சென்றேன்' என்று இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. காற்றில் கரண்ட் போன நாட்களையும் எழுதியிருந்தேன், புழுக்கம் தாங்கவில்லை என்று. ஒரு பக்கத்தில் மின்தடை, மறுபக்கத்தில் கைத்தடம். எல்லாம் நானே எழுதியது. கரண்ட் வந்த பிறகு, நான் வீடு திரும்பும் முன்னோ படுத்த பிறகோ, அந்த மனிதர் வேலைக்களைப்போடு வந்து குத்துக்காலிட்டு என் டைமரை ஒவ்வொரு முறையும் சரி செய்திருக்கிறார். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நான் வாங்கிய பொருளைக் குறைசொன்னதாக ஆகக்கூடாது என்று இருந்திருப்பார்.

பாசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வெயிலுக்குப் போனேன். மாதக்கணக்கில் அதை நான் அந்த இளஞ்சிவப்பில்தான் பார்த்திருந்தேன். தராசில் வைக்கும்போதுகூட விடியாத நேரம், சமையலறை மஞ்சள் விளக்கு, என் கண் எண்களில். வெயிலில் அது பச்சையாக இல்லை. பாதிக்கு மேல் வெளுத்து, ஊறிய நூல் மாதிரி இருந்தது. நான் தினமும் பிழிந்ததில் இழைகள் துண்டுதுண்டாகியிருந்தன. விளக்கின் முகத்தில் உப்பு பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். "அந்த வெள்ளை பிளட் லைட்டு குடுப்பா."

கடைக்காரர் எடுத்து வைத்தார். "அப்பவே எடுத்திருக்கலாம்ல சார். உங்க மாப்ளகூட அப்புறம் ஒருக்கா தனியா வந்து இதையே பாத்துட்டுப் போனாரே."

"வாங்கலையா?"

"நானும் அதத்தான் கேட்டேன். மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்னாரு. அப்புறம் ஆளே காணோம்."

அவர் வந்து கேட்கிற மாதிரி நான் என்றைக்கு முகம் காட்டினேன் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். வெளுத்த இழைகளை வெட்டி எறிந்தேன். மிஞ்சியது ஒரு எலுமிச்சம்பழ அளவு. வெள்ளை விளக்கைச் சம்புக்கு நேர்மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டினேன். பாசியைத் தொடவில்லை. எடை பார்க்கவில்லை. சனிக்கிழமைதோறும் விளக்கின் கண்ணாடியில் உப்பைத் துடைத்தேன். வளர்ந்தது. சாதாரண வெள்ளை வெளிச்சத்தில், என் சாக்குக்கட்டிப் படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தது. சில வாரத்தில் குப்பித் தண்ணீர் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது.

இதற்கிடையில் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மருமகன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அங்க சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்லிட்டு இருக்கீங்களே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடி வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்து, "வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். மருமகன் கைலியோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை. டைமரைப் பற்றி, டைரியைப் பற்றி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். "எம்மேலதான் தப்பு மாப்ள" என்றேன்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் மாமா. நீங்க நோட்ட எடுக்கப் போயிட்டீங்க." அவர் ஒரு சட்டையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "டைமர விடுங்க. பவுடரையும் விடுங்க. எங்கம்மாவச் சொன்னீங்கள்ல, அது எங்கம்மாவுக்குத் தெரியாது."

"நான் வேணா ஊருக்கு வந்து அவங்ககிட்டயே..."

"வேண்டாம் மாமா. உங்க மனசு ஆறணும்னு அதுக்குத் தெரியவைக்க வேண்டாம். தெரியாமயே இருக்கட்டும்."

நான் மகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அவளுக்கு அது புரிந்தது. "செத்த நாள் போகட்டும்ப்பா" என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அவர்கள் திரும்பிவரவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டுப் போனார்கள். அப்படி ஒரு ஞாயிறன்று, மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மாவையும் கூட்டிவந்தார்கள். கறுத்து மெலிந்த உடம்பு. கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி தொட்டி முன்னால் நின்று மீன்களைப் பார்த்தார். பிறகு மகன் அலமாரியைத் திறந்து காட்ட, கீழே உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு சம்புக்குள் கையை விட்டார். பாசி அப்போது இரண்டு கை கொள்ளாத அளவு இருந்தது. எடுக்கவில்லை, பிழியவில்லை. தண்ணீருக்குள்ளேயே உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"நல்லாக் கனத்து வந்திருக்கே. யாரு பாக்குறது?"

நான் வாயைத் திறக்கும் முன் மருமகன் சொன்னார்: "மாமாதான் பாக்குறாக."

"படிச்சவுக கைல்ல, அதான் இப்படி வருது" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாதிய எடுத்துருங்கய்யா. இல்லாட்டி அடியில கெடக்குறதுக்கு வெளிச்சம் எட்டாம அழுகிப்போகும்." சரிங்கம்மா என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

சாப்பிடும்போது கரண்ட் போனது. கை கழுவும் நேரத்தில் வந்தது. மருமகன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பழக்கத்தில் அலமாரி முன்னால் போய்க் குனிந்தார். கை டைமர் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"தொடலாமா மாமா?"

குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருடைய தொட்டி, அவருடைய மீன்.

"தொடுங்க மாப்ள" என்றேன்.

அவர் அம்மா ஈரக் கையோடு என்னையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் எதுக்குய்யா கேக்குற?"

மருமகன் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பினார்.

"சும்மாதாம்மா" என்றார்.